சிறிய மாற்றுப் பள்ளியின் புள்ளிவிவரத்தைப் படிப்பது எப்படி: கலிஃபோர்னியப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பதினோராம் வகுப்பில் பின்தங்கிவிட்ட மகனையோ மகளையோ வேறு ஒரு சிறிய பள்ளிக்கு மாற்றலாம் என்று பள்ளியின் படிப்பு ஆலோசகரான கவுன்சிலர் சொன்னதும், பெற்றோர் பெரும்பாலும் அன்றிரவே அந்தப் பள்ளியின் பெயரை இணையத்தில் தேடுகிறார்கள். கண்ணில் படுவதெல்லாம் கலங்க வைக்கும் எண்களாகவே இருக்கும். கணிதத்தில் தேறியவர்கள் மிகக் குறைவு, பள்ளிக்கு வராதவர்கள் மிக அதிகம், படிப்பை முடித்தவர்களின் விகிதம் அருகிலுள்ள பெரிய பள்ளியைவிட மிகவும் கீழே. இந்த எண்கள் பொய்யல்ல. ஆனால் ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும், நான்கு ஆண்டுப் பள்ளிகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்ட அளவுகோல்களை, சில டஜன் மாணவர்கள் பாதியில் வந்து சேரும் பள்ளியின் மேல் வைக்கும்போது, அவை நாம் கேட்க விரும்பும் கேள்விக்கு விடை தருவதில்லை. 'இந்தப் பள்ளி என் பிள்ளைக்கு என்ன செய்யும்' என்று நாம் கேட்கிறோம். 'இங்கே வந்து சேர்ந்தவர்கள் இதற்கு முன் எப்படி இருந்தார்கள்' என்பதையே அந்த எண்கள் அதிகமாகச் சொல்கின்றன. இரண்டையும் பிரித்துப் படிக்கும் வழியைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் அது எந்த வகைப் பள்ளி என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. மாநிலக் கல்வித் துறையின் பள்ளிக் கையேட்டில் ஒவ்வொரு பள்ளியின் வகையும் குறிக்கப்பட்டிருக்கிறது. கண்டினியூவேஷன் ஹைஸ்கூல் எனப்படும் தொடர்கல்விப் பள்ளிகள் கலிஃபோர்னியாவில் 1919 முதல் இருந்து வருகின்றன. 16 வயது நிறைந்து, உயர்நிலைப் பள்ளியை முடித்ததற்கான டிப்ளமாவை இன்னும் பெறாத, பெறாமலே போய்விடக்கூடிய மாணவர்களுக்காக ஏற்பட்டவை இவை. வாரத்துக்குக் குறைந்தது 15 மணி நேரம் வருகை தர வேண்டும் என்பது இவற்றின் அடிப்படை விதி. அதனால் வேலைக்குப் போகும் மாணவர்களும், கைக்குழந்தையுடன் இருக்கும் மாணவிகளும் இங்கே படிக்க முடிகிறது. கம்யூனிட்டி டே ஸ்கூல், சிறார் நீதிமன்றப் பள்ளி, வீட்டிலிருந்தே படிக்கும் இண்டிபெண்டன்ட் ஸ்டடி பள்ளி ஆகியவை வேறு வகைகள். இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதே தவறு.

பள்ளிகளின் செயல்பாட்டைக் காட்டும் மாநிலத் தளமான டாஷ்போர்டில் அந்தப் பள்ளிக்கு 'டாஸ்' எனப்படும் மாற்றுப் பள்ளித் தகுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். தொடர்கல்விப் பள்ளிகள் போன்ற சில வகைகளுக்கு அது தானாகவே கிடைக்கும். மற்ற பள்ளிகள் அதைப் பெற வேண்டுமானால், தங்கள் மாணவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேர் கடும் இடர்ப்பாட்டில் உள்ள பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்று காட்ட வேண்டும். அந்தப் பிரிவுகளின் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது: பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர்கள், கருவுற்றவர்கள் அல்லது பெற்றோராகிவிட்டவர்கள், இடைநின்று திரும்பி வந்தவர்கள், டிப்ளமாவுக்குத் தேவையான பாட அலகுகளான கிரெடிட் குறைந்தவர்கள், வளர்ப்புக் குடும்பங்களில் இருப்பவர்கள், வீடற்றவர்கள், பள்ளி மாறி மாறி அலைந்தவர்கள். பள்ளியின் வாசலுக்கு வரும்போதே இவ்வளவையும் சுமந்து வரும் பிள்ளைகளின் மதிப்பெண்ணைத்தான் நாம் பார்க்கப் போகிறோம் என்ற நினைவு, மற்ற எல்லா எண்களையும் படிக்கும்போது கூடவே இருக்க வேண்டும்.

எத்தனை பேரில் எத்தனை பேர்

எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அது எத்தனை பேரைக் கொண்டு கணக்கிடப்பட்டது என்பதைத் தேடிப் பாருங்கள். ஓர் உதாரணம். ஒரு பள்ளியில் படிப்பை முடிக்க வேண்டியவர்களின் கணக்கில் 22 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் 14 பேர் டிப்ளமா பெற்றால் விகிதம் 63.6 சதவீதம், 15 பேர் பெற்றால் 68.2 சதவீதம். 2015-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிக் கல்விச் சட்டம், மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிப்பை முடிக்காத உயர்நிலைப் பள்ளிகளை முழுமையான சீரமைப்பு தேவைப்படுபவையாக அடையாளம் காணச் சொல்கிறது. மேற்சொன்ன பள்ளியில் அந்தக் கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை ஒரே ஒரு மாணவர் தீர்மானித்துவிடுகிறார். அவருடைய குடும்பம் மே மாதத்தில் வேறு மாநிலத்துக்குப் போயிருக்கலாம். அல்லது அவர் ஜூனில் முடிக்க வேண்டியதை ஆகஸ்டில் முடித்திருக்கலாம். இந்தச் சிக்கலைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது என்பதால்தான், 100-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள உயர்நிலைப் பள்ளிகளில் அந்தச் சீரமைப்பைச் செய்யாமல் விட இடமளிக்கிறது.

ஆகவே ஒற்றை ஆண்டின் எண்ணை வைத்துப் பள்ளி முன்னேறுகிறது, சரிகிறது என்று சொல்லாதீர்கள். மூன்று ஆண்டுகளின் எண்ணிக்கையை எடுத்துக் கூட்டுங்கள். சதவீதங்களைக் கூட்டி மூன்றால் வகுக்காமல், தலைகளைக் கூட்டுங்கள். முதல் ஆண்டில் 22-க்கு 14, அடுத்த ஆண்டில் 26-க்கு 19, அதற்கடுத்து 20-க்கு 13 என்றால், மொத்தம் 68 பேரில் 46 பேர், அதாவது 67.6 சதவீதம். ஆண்டுவாரியாகப் பார்த்தவர் 64, 73, 65 என்று ஏறி இறங்கிய கோட்டைக் கண்டு ஒரு கதையைக் கற்பனை செய்திருப்பார். மூன்று ஆண்டுகளைச் சேர்த்த பின்னும், தற்செயலான ஏற்ற இறக்கத்துக்கு இடம் விட்டுப் பார்த்தால், இந்தப் பள்ளியின் உண்மை நிலை ஏறத்தாழ 56-க்கும் 78-க்கும் இடையில் எங்கும் இருக்கக்கூடும். அவ்வளவு அகலமான இடைவெளிக்குள் பக்கத்து ஊர்ப் பள்ளியின் 71 சதவீதமும் அடங்கிவிடுகிறது. இரண்டில் எது சிறந்தது என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

சில கட்டங்களில் எண்ணே இருக்காது. மாநிலக் கல்வித் துறையின் புள்ளிவிவரத் தளமான டேட்டாகுவெஸ்டில் 10 அல்லது அதற்குக் குறைவான மாணவர்கள் உள்ள பிரிவுகளுக்கு நட்சத்திரக் குறி மட்டுமே இருக்கும். டாஷ்போர்டில் 11 பேருக்குக் குறைந்தால் விவரம் வராது. பெரும்பாலான அளவீடுகளில் 30 பேராவது இருந்தால்தான் பள்ளியின் நிலையைக் குறிக்கும் வண்ணம் வரும். சிறிய பள்ளியில் இது பாதிப் பக்கத்தை மறைத்துவிடும். இது எதையோ ஒளிப்பதற்காக அல்ல. மாணவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக. மொத்தத்திலிருந்து தெரிந்த எண்களைக் கழித்து மறைந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியும் என்பது உண்மைதான், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான்கே பேர் உள்ள ஒரு பிரிவின் எண்ணை வெளியே எடுப்பது, அந்த நான்கு பிள்ளைகளையும் ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

தலைக்கணக்கு எடுக்கும் நாள்

பள்ளியில் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்கே இரண்டு விடைகள் உண்டு. அக்டோபர் மாதத்தின் முதல் புதன்கிழமையன்று சேர்க்கையில் இருந்தவர்களின் எண்ணிக்கை ஒன்று. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை எப்போதாவது அங்கே சேர்ந்திருந்த அனைவரின் எண்ணிக்கை மற்றொன்று. பெரிய பள்ளியில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். தொடர்கல்விப் பள்ளியிலோ ஆண்டு முழுவதும் மாணவர்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருப்பதால், அக்டோபரில் 80 என்று காட்டும் பள்ளியின் ஆண்டு மொத்தம் அதைவிட மிகவும் கூடுதலாக இருக்கலாம். இடைநீக்கமும் நீண்டகால வராமையும் ஆண்டு மொத்தத்தைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. இன, மொழி, வருமான விவரங்கள் பெரும்பாலும் அக்டோபர் நாளைக் கொண்டு தரப்படுகின்றன. ஒன்றின் சதவீதத்தை மற்றொன்றின் எண்ணிக்கையோடு பெருக்கினால் தவறான விடைதான் வரும். ஆண்டு முழுவதும் அதே பள்ளியில் நிலைத்திருந்தவர்களின் விகிதத்தையும் டேட்டாகுவெஸ்ட் தனியாகத் தருகிறது; மாற்றுப் பள்ளியைப் பற்றிப் படிக்கும்போது நான் மதிப்பெண்ணைவிட அதற்கே முதலிடம் தருவேன்.

மாணவர் விவரங்களில் உள்ள சொற்களுக்கு அன்றாடப் பொருளைக் கொடுத்துவிடக் கூடாது. 'பொருளாதாரத்தில் பின்தங்கியோர்' என்ற பிரிவில், இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதியுள்ளவர்களோடு, பெற்றோர் இருவரும் உயர்நிலைப் பள்ளியை முடிக்காத மாணவர்களும் அடங்குவார்கள். கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு இலவச உணவு, 185 சதவீதம் வரை சலுகை விலை என்பது விதி. ஆனால் 2022-23 முதல் கலிஃபோர்னியாவின் பொதுப் பள்ளிகளில் எல்லா மாணவர்களுக்கும் உணவு இலவசமாகிவிட்டதால், வருமானப் படிவத்தை நிரப்பிக் கொடுக்கும் அவசியத்தைப் பல குடும்பங்கள் உணர்வதில்லை. படிவம் வராத பள்ளியில் இந்த எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியலாம். 'வீடற்றோர்' என்பதும் தெருவில் தூங்குபவர்களை மட்டும் குறிப்பதல்ல. வாடகை கட்ட முடியாமல் உறவினர் வீட்டுக் கூடத்தில் ஒண்டியிருக்கும் குடும்பத்தின் பிள்ளையும் இந்தக் கணக்கில் வருவார். 'ஏசியன்' என்ற ஒரே பெட்டிக்குள் சீனர், வியட்நாமியர், மோங் மக்கள், இந்தியர் அனைவரும் இருப்பதால், அந்தப் பிரிவின் சராசரி நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி ஏதும் சொல்வதாக எண்ண வேண்டாம். பள்ளியில் முதன்முதலாகச் சேர்த்தபோது வீட்டு மொழி தமிழ் என்று எழுதிக் கொடுத்திருந்தால், உங்கள் பிள்ளை ஆங்கிலத் தேர்வு எழுதி 'ஆங்கிலம் கற்பவர்' என்று ஒரு காலத்தில் வகைப்படுத்தப்பட்டிருக்கவும் கூடும். அந்தப் பிரிவில் தேறி வெளியேறியவர்கள் சேர்க்கை எண்ணிக்கையில் அதில் வருவதில்லை. பெரும்பாலும் தேறாதவர்களே எஞ்சுவதால் அதன் சராசரி தாழ்ந்திருக்கக்கூடும்.

இந்த விவரங்களைக் கொண்டு செய்ய வேண்டிய ஒப்பீடு ஒன்று உண்டு, அது மிக முக்கியமானது. மாற்றுப் பள்ளியின் மாணவர் கலவையை, அதே கல்வி மாவட்டத்தின் பெரிய உயர்நிலைப் பள்ளிகளின் கலவைக்கு அருகில் வைத்துப் பாருங்கள். எந்த ஒரு பிரிவும், இனத்தாலோ மொழியாலோ மாற்றுத்திறன் தேவைகளாலோ, தொடர்கல்விப் பள்ளிகளில் அளவுக்கு மீறிச் சேர்க்கப்படாமல் இருக்கும்படி தெளிவான மாற்றல் விதிகளை மாவட்டம் வகுக்க வேண்டும் என்று மாநிலக் கல்விச் சட்டம் சொல்கிறது. பெரிய பள்ளிகளில் பத்தில் ஒருவராக இருக்கும் பிரிவினர் இங்கே மூவரில் ஒருவராக இருந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது இந்தச் சிறிய பள்ளியின் தலைமையாசிரியர் அல்ல. யாரை எப்போது அனுப்புவது என்று முடிவு செய்யும் மாவட்ட நிர்வாகம். மாவட்டக் கல்விக் குழுவின் பொதுக் கூட்டத்தில் அதை எழுப்பப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

டிப்ளமா பெறுவோர் விகிதம்: நின்று படிக்க வேண்டிய இடம்

நான்கு ஆண்டுக் கணக்கு இப்படி நடக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள் ஒரு குழு. பின்னால் வந்து சேர்ந்தவர்கள் கூட்டப்படுவார்கள், வேறு பள்ளிக்கு முறையாக மாறியவர்கள் கழிக்கப்படுவார்கள். வழக்கமான டிப்ளமா பெற்றவர்கள் மட்டுமே முடித்தவர்களாகக் கொள்ளப்படுவார்கள். ஜிஇடி போன்ற இணைச் சான்று பெற்றவர்கள் முடிக்காதவர்களாகவே எண்ணப்படுவார்கள். மாணவர் கடைசியாக எந்தப் பள்ளியில் இருந்தாரோ அந்தப் பள்ளியின் கணக்கில் விழுவார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதன் விளைவை எண்ணில் பார்ப்போம். ஒரு பெரிய பள்ளியின் குழுவில் 500 பேர். அவர்களில் 30 பேர் மிகவும் பின்தங்கியவர்கள். அந்த 30 பேரும் அங்கேயே இருந்து, அவர்களில் 10 பேர் மட்டும் முடித்து, மற்ற 470 பேரில் 450 பேர் முடித்தால், விகிதம் 92 சதவீதம். இப்போது அந்த 30 பேரும் தொடர்கல்விப் பள்ளிக்கு மாறி, அங்கே 18 பேர் முடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பள்ளியின் விகிதம் 470-க்கு 450, அதாவது 95.7 சதவீதமாக உயர்கிறது. சிறிய பள்ளியின் விகிதம் 60 சதவீதம் என்று காட்டப்படுகிறது. மொத்தத்தில் 460-க்குப் பதிலாக 468 பேர் டிப்ளமா பெற்றிருக்கிறார்கள். அந்த எட்டுப் பேருக்கும் டிப்ளமா கிடைக்கச் செய்த பள்ளிதான் தோற்ற பள்ளியாகக் காட்சியளிக்கிறது, அவர்களை அனுப்பிய பள்ளி புகழ் பெறுகிறது. இந்த அநீதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த வகுப்பறைகளில் நாள் முழுவதும் உழைக்கும் ஆசிரியர்களின் வேலை எந்தத் தரவரிசையிலும் தெரிவதில்லை. எனவே பெரிய பள்ளி, சிறிய பள்ளி இரண்டையும் சேர்த்து மாவட்டத்தின் மொத்த விகிதத்தைப் பாருங்கள். மாவட்டத்தின் பள்ளிகளுக்குள் மாணவர் எங்கே மாறினாலும் மாவட்டக் கணக்கிலிருந்து நழுவ மாட்டார்.

எந்த அளவுகோல் என்பதையும் கவனியுங்கள். நான்கு ஆண்டு விகிதம், ஐந்தாம் ஆண்டில் முடித்தவர்களையும் சேர்த்த கூட்டு விகிதம், மாற்றுப் பள்ளிகளுக்கென்று பன்னிரண்டாம் வகுப்பினரை மட்டும் கொண்டு மாநிலம் உருவாக்கிய ஓராண்டு விகிதம் என்று மூன்று உண்டு. ஒரே பள்ளிக்கு இவை மூன்றும் வெவ்வேறு எண்களைத் தரும். பதினேழாவது வயதில் வந்து சேரும் மாணவருக்கு ஓராண்டு விகிதமே பொருத்தமான தகவல் என்பது என் கருத்து. அது கிடைக்காவிட்டால், சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் முடித்தவர்கள் எத்தனை பேர், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர் என்று பள்ளியிடமே கேளுங்கள்.

இணையத்தில் இல்லாத எண்: கிரெடிட்

மாநிலத் தளங்கள் எதிலும் இல்லாத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான எண் ஒன்று உங்கள் பிள்ளையின் மதிப்பெண் பதிவேடான டிரான்ஸ்கிரிப்டின் அடியில் இருக்கிறது. பல மாவட்டங்களில் டிப்ளமாவுக்கு 220 கிரெடிட் வேண்டும். ஒரு பாடத்தை ஒரு செமஸ்டர் முடித்தால் 5 கிரெடிட். ஆண்டுக்கு 55 என்ற வேகத்தில் பதினோராம் வகுப்பின் தொடக்கத்தில் 110 இருக்க வேண்டும். ஒரு மாணவரிடம் 65 தான் இருக்கிறது என்றால், மீதி இரண்டு ஆண்டுகளில் அவர் 155 கிரெடிட் ஈட்ட வேண்டும். நாளுக்கு ஆறு பாடங்கள் நடக்கும் வழக்கமான பள்ளியில் ஒரு செமஸ்டருக்கு 30, ஆண்டுக்கு 60, இரண்டு ஆண்டுகளுக்கு 120 கிரெடிட்தான் கிடைக்கும். அந்தப் பிள்ளை இனி ஒரு பாடத்தில்கூடத் தவறாமல் எல்லாவற்றிலும் தேறினாலும், கோடை வகுப்பும் இரவு வகுப்பும் இல்லாமல் அந்தக் கால அட்டவணைக்குள் முடிக்க வழியே இல்லை. 'ஒழுங்காகப் படித்தால் சரியாகிவிடும்' என்று வீட்டில் நாம் சொல்லும்போது, சரியாகாது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. பல பிள்ளைகள் பள்ளிக்குப் போவதையே நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

தொடர்கல்விப் பள்ளிகள் பலவற்றில் செமஸ்டர் முடியும்வரை காத்திருக்காமல், முடித்த வேலையின் அளவுக்கு ஏற்பக் கிரெடிட் வழங்கும் முறை இருப்பதால், இந்தப் பள்ளத்தை நிரப்ப முடிகிறது. ஆகவே பள்ளிக்குப் போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: சென்ற ஆண்டு இங்கே படித்த மாணவர் ஒருவர் சராசரியாக ஒரு தவணையில் எத்தனை கிரெடிட் பெற்றார், இதற்கு முந்தைய பள்ளியில் அதே கால அளவில் எத்தனை பெற்றிருந்தார்? நன்றாக நடக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் இதற்கு உடனே விடை சொல்வார். ஒவ்வொரு மாணவரின் கிரெடிட்டையும் வாரந்தோறும் அவர் பார்த்துக்கொண்டிருப்பார். விடை சொல்லத் தடுமாறும் பள்ளியைப் பற்றி யோசிக்க வேண்டும். கூடவே, அந்தக் கிரெடிட் எப்படிக் கிடைக்கிறது என்றும் பாருங்கள். ஆசிரியர் அருகில் உட்கார்ந்து எழுத வைக்கும் வகுப்பும், மாணவர் தனியாகக் கணினித் திரையில் சரியான விடையைச் சொடுக்கிக்கொண்டே போகும் வகுப்பும் தாளில் ஒரே 5 கிரெடிட்டாகத்தான் தெரியும்.

தேர்வு மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாநிலத் தேர்வு உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் நடக்கிறது. ஒரு தொடர்கல்விப் பள்ளியில் அதை எழுதுபவர்கள் சொற்பம், அவர்களும் சில மாதங்களுக்கு முன்தான் வந்தவர்கள். பத்து ஆண்டுப் படிப்பின் விளைவை அந்தச் சில மாதங்களின் தலையில் கட்ட முடியாது. எத்தனை சதவீதம் பேர் தேர்வு எழுதினார்கள் என்பதை மட்டும் பாருங்கள். மாணவர்களைத் தேர்வு நாளன்று வரவழைக்க முடிந்த பள்ளி, மற்ற நாட்களிலும் வரவழைக்க முயலும்.

வருகையைப் படிப்பதும் இப்படித்தான். சேர்ந்திருந்த நாட்களில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் வராதவர் நீண்டகால வராமைக் கணக்கில் வருவார். 180 நாள் ஆண்டில் அது 18 நாள். முந்தைய பள்ளிக்கு 90 நாள் போகாதவர் இங்கே 25 நாள் மட்டுமே வராமல் இருந்தார் என்றால் அது பெரிய முன்னேற்றம், ஆனாலும் அறிக்கையில் அவர் குறையாகவே நிற்பார். உயர்நிலைப் பள்ளிகளின் வராமை விகிதம் டாஷ்போர்டில் வருவதில்லை, டேட்டாகுவெஸ்டில் தேட வேண்டும். இடைநீக்க விகிதத்தை ஒப்பிடும்போது, ஆசிரியர் சொல் கேளாமை என்ற காரணத்துக்காக மட்டும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களை இடைநீக்கம் செய்வது 2024 ஜூலை முதல் தடை செய்யப்பட்டிருப்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளும் பிந்தைய ஆண்டுகளும் ஒரே விதியின் கீழ் எடுக்கப்பட்டவை அல்ல.

நம் வீடுகளில் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி, இங்கிருந்து நேராக யூசி பல்கலைக்கழகத்துக்குப் போக முடியுமா என்பது. யூசி, கால் ஸ்டேட் என்னும் மாநிலப் பல்கலைக்கழகத் தொகுப்புகள் இரண்டும் கேட்கும் ஏ-ஜி பாடங்கள் 15, ஒவ்வொன்றிலும் சி அல்லது அதற்கு மேல். பல தொடர்கல்விப் பள்ளிகளில் ஆய்வக அறிவியலும் அயல்மொழியும் முழுமையாக நடப்பதில்லை. ஆகவே அந்தப் பள்ளியில் டிப்ளமா பெற்றவர்களில் ஏ-ஜி முடித்தவர்கள் பூஜ்யம் என்று இருந்தால் வியக்க வேண்டாம், ஆனால் அதை மறைக்காமல் உங்களிடம் சொல்கிறார்களா என்று பாருங்கள். டிப்ளமா பெற்றபின் கம்யூனிட்டி கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து யூசிக்கோ கால் ஸ்டேட்டுக்கோ மாறும் பாதை திறந்தே இருக்கிறது. அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் சென்ற ஆண்டு இங்கிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

எண்களைத் தாண்டிப் படிக்க இரண்டு ஆவணங்கள் உண்டு. 1988-இல் வாக்காளர்கள் ஏற்ற 98-ஆம் முன்மொழிவின்படி ஒவ்வொரு பொதுப் பள்ளியும் வெளியிட வேண்டிய பொறுப்பறிக்கை ஒன்று. ஆசிரியர்களின் தகுதியும், கட்டடத்தின் நிலையும் அதில் இருக்கும். மற்றொன்று, பள்ளிகளின் தரத்தை ஆராயும் வாஸ்க் அமைப்பின் அங்கீகாரத்துக்காகப் பள்ளியே எழுதும் தன்மதிப்பீட்டு அறிக்கை. பக்கங்கள் நிறைய இருக்கும், ஆனால் மறைக்கப்பட்ட கட்டங்களுக்குப் பின்னால் உள்ள நிலவரமும், கிரெடிட் விவரமும், பள்ளி தன்னைப் பற்றி ஒப்புக்கொள்ளும் குறைகளும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பள்ளியின் தளத்தில் இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம்.

இவ்வளவும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதற்கு முன், மாற்றம் விருப்பத்தின்பேரில் நடப்பதா, கட்டாயத்தின்பேரில் நடப்பதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டாய மாற்றம் என்றால், முன்கூட்டியே எழுத்து வழி அறிவிப்பும், மாவட்டப் பிரதிநிதியைச் சந்தித்துக் காரணங்களைக் கேட்கும் வாய்ப்பும் உங்களுக்குச் சட்டப்படி உண்டு. விருப்ப மாற்றம் என்றால், அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் பழைய பள்ளிக்குத் திரும்பும் உரிமை உங்கள் பிள்ளைக்கு இருக்கிறது. அப்படித் திரும்ப வேண்டுமானால் அதற்குள் எத்தனை கிரெடிட் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை, கவுன்சிலரையும் பிள்ளையையும் ஒன்றாக உட்கார வைத்து, டிரான்ஸ்கிரிப்டின் நகலில் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.